பின்சுவர் ஓரம் இருந்த குவியல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நீயாவது சுகமாக இரு. மாமாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று வந்தாய், யாரிடமும் பேசாமல் கிளம்பிவிட்டாய். அதன்பிறகு போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

பாப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். சாப்பிட இன்னமும் மூன்று தட்டு எடுத்து வருகிறாள். ஒன்றைத் திருப்பி வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குப்பைக் கிடங்கில் நடந்ததை உனக்கு யார் யாரோ சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதைக் கேள். நாங்கள் பிரிக்கிற குப்பையில் அட்டை, பாட்டில், தகரம் எல்லாம் விலை போகும். உள்பக்கம் வெள்ளிபோல மினுங்குகிற பாக்கெட்டை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அதைப் பின்சுவர் ஓரம் கொட்டிக்கொண்டே வந்தோம். நகராட்சியில் கேட்டால், தயாரித்தவர்கள் வந்து எடுக்கட்டும் என்றார்கள். அந்தப் பாக்கெட்டை அச்சடிக்கிற உங்கள் கம்பெனியில் கேட்டால், குப்பை அள்ளுவது நகராட்சி வேலை என்றார்கள். மாமா இரண்டு இடத்துக்கும் நடையாய் நடந்தார். குவியல் சுவருக்கு மேல் வளர்ந்தது. "மச்சான் அங்க அச்சடிக்கிறான், நான் இங்க அடுக்கி வைக்கிறேன். நல்ல சம்பந்தம்தான்" என்று வீட்டுக்கு வந்து சிரிப்பார்.

அன்று மதியம் அந்தக் குவியல் தீப்பற்றிக்கொண்டது. எல்லோரும் முன்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டோம். எங்களோடு வேலை செய்யும் காது கேளாத பெண் மட்டும் உள்ளே இருந்தாள். மாமா திரும்பிப் போய் அவளை வெளியே தள்ளிவிட்டார். அவள் பிழைத்தாள். புகை அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாலேயே பேசினார். பிறகு அதுவும் இல்லை.

அதற்கப்புறம் நகராட்சி அதிகாரியும் உங்கள் மேலாளரும் துக்கம் கேட்க வந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான், "ஆறுதல் எல்லாம் வேணாம் சார். அவரை எத்தனை தடவை அலைய விட்டீங்க? இங்கயே பேசி முடிச்சுட்டுப் போங்க" என்றேன். பேசினார்கள். பாக்கெட்டைச் சேர்த்துவைக்க இடமும் அள்ள ஆட்களும் நகராட்சி தருமாம். லாரியும் செலவும் கம்பெனியுடையதாம். கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது, தம்பி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சொன்னபடி கையெழுத்தும் போட்டார்கள். திங்கட்கிழமை லாரி வந்து, எரிந்தது எரியாதது எல்லாவற்றையும் அள்ளிப்போனது. சுவரோரம் தரை தெரிந்தது. நல்லது நடந்துவிட்டது என்று கூட இருப்பவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் இதை ஓடிவந்து யாரிடம் சொல்வேனோ அவர் வீட்டில் இல்லை.

நீ வேலையை விடப்போவதாக உன் அறைத்தோழன் சொன்னான். வேண்டாம். நீ இயந்திரம் ஓட்டியவன். நெருப்பு வைத்தவன் இல்லை. மாமாவுக்கு உன்மேல் ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. என் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தால் பாப்பாவோடு விளையாடிவிட்டுப் போ. நான் சமையலறையிலேயே இருந்துகொள்கிறேன். நீ வெகுகாலம் நன்றாக இருக்க வேண்டும், தம்பி. பாப்பாவை விட்டால், இனி எனக்கென்று மிச்சம் இருப்பவன் நீ ஒருவன்தான்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா