முப்பது மீசை, ஒரு எம்.எல்.ஏ.

ஸ்ரீராம்புரம், 24 மே 2025, சனிக்கிழமை காலை 5.50. வீட்டில் சுகமாக இருப்பவர்கள் மூன்று பேர். அதில் என்னோடு பேசுகிறவள் உன் தங்கை டீனா மட்டும்.

அன்புள்ள ஜெனிஃபருக்கு, டாடி எழுதுவது. தில்லியில் வெயில் நாற்பத்தைந்து என்று டிவியில் சொன்னான், தண்ணீர் குடி, லா காலேஜ் வாசலில் விற்கிற ஜூஸைத் தொடாதே. இனி விஷயம். நம்ம எம்.எல்.ஏ. பாரிஜாதம்மா போன மாதம் சட்டசபையில் எழுந்து, துப்புரவு வேலை வீட்டுப் பெண்கள் பத்தாவதோடு நிற்பது சோம்பலால் இல்லை, பக்கத்தில் பதினொன்று, பன்னிரண்டு படிக்க பி.யு. காலேஜ் இல்லாததால், படிப்பு அவர்கள் உரிமை, யாரும் போடுகிற பிச்சை இல்லை என்று ஒரு பிடி பிடித்தார். நம்ம ஸ்கூல் கட்டடத்திலேயே ஜூனில் தொடங்க மந்திரி ஒத்துக்கொண்டார், நாற்பது பெண்கள் சேர்ந்தால்தான் என்ற கண்டிஷனோடு. வந்தால் டீனாவுக்கு நடந்து போகிற தூரம். வராவிட்டால் உன்னைப் போல ரெண்டு பஸ் மாற வேண்டும், உனக்காக ரெண்டு வருஷம் வாசலில் நின்றதே போதும் என்கிறாள் மம்மி, டீனா படிப்பு அதோடு சரி.

போன ஞாயிறு அவருக்குப் பாராட்டு விழா. டிப்ளமோ படித்தவன் என்பதால் மேடை பேனர் என் தலையில். லாயிட் அங்கிளின் விழாக் கமிட்டியில் முப்பது பேர், முப்பது போட்டோ கொடுத்தார்கள், எல்லாம் மீசை, நான் கறுப்புக் கண்ணாடியோடு. இடம் பத்தாமல் எம்.எல்.ஏ. படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினேன், லேஅவுட் பிரச்சினை, வேறொன்றுமில்லை. பாரிஜாதம்மா வந்தார், பார்த்தார், மேடை ஏறவில்லை. ஏனப்பா லாயிட், காலேஜ்ல சேரப் போறது நீங்களா, யூனிஃபார்ம் தைக்கக் குடுத்தாச்சா என்றார். பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. அடுத்த ஞாயிறு கல்வி ஆபீசரோட வரேன், சேரப் போற நாப்பது பொண்ணுங்க மூஞ்சி இதே சைஸ்ல இருக்கணும் என்று காரில் ஏறிவிட்டார்.

போட்டோ கேட்டுப் போனால் கதவைச் சாத்துகிறார்கள். நம்ம தெருவில் பெண்ணுக்கு பேனர் வைப்பது மூன்றே தடவை, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. எம் பொண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கா, இப்பவே ஏன்டா மாலை போடறே என்கிறார் பக்கத்து வீட்டு தனலக்ஷ்மி அக்கா. மம்மியும் அதே கட்சி. எனக்கு நயமாகப் பேச வராது, மூடநம்பிக்கை என்றேன், சாப்பாடு நின்றது. வியாழன் வரை பதினோரு படம்தான். அவசரத்தில், நாகேஷ் பிரிண்டிங் கடைக் கம்ப்யூட்டரில் பெண் படம் வைக்கத் தோதாக இருந்த ஒரே டிசைனில் பதினொன்றையும் ஏற்றி மம்மியிடம் காட்டினேன். அது அஞ்சலி டிசைன். ஒவ்வொரு பெண்ணுக்குக் கீழேயும் தோற்றம், மறைவு என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. மம்மி கத்தின கத்தலில் ரெண்டு தெரு ஓடி வந்தது. கத்தி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுங்களுக்கு எதுக்கு, எனக்குப் போடு, தோற்றம் எண்பத்தாறு, மறைவு ரெண்டாயிரத்து ரெண்டு, பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்த அன்னிக்கு என்றாள். நேற்று சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள், பின்னாலேயே தனலக்ஷ்மி அக்கா. சாயங்காலம் மேசைமேல் இருபத்தெட்டு படம். ஆக முப்பத்தொன்பது. நாற்பதாவது டீனா. அதை மட்டும் மம்மி என்னிடம் தரவில்லை, நேராக நாகேஷிடம் கொடுத்துவிட்டாள், உங்க டாடி கையில குடுத்தா மறுபடி கொன்னுடுவாரு என்று டீனாவிடம் சொன்னாளாம்.

இனி நான் செய்யப்போவது:

1. மறைவு வரியை அழிப்பது. நாற்பது இடத்திலும் நானே பார்ப்பது.
2. மூலையில் ஒரே ஒரு படம் கேட்கிறார் லாயிட் அங்கிள். கிடையாது.
3. உன் பரீட்சைக்காக நாளை சர்ச்சில் ஒரு மெழுகுவர்த்தி. ஆண்டவர் உன்னைக் காப்பார், நீ நேரத்துக்குத் தூங்கு.
4. ஆபீசரிடம் நாற்பத்தொன்றாவது அப்ளிகேஷன் ஒன்று வாங்குவது. வயது முப்பத்தொன்பது, பத்தாவது பாஸ். மம்மிக்கு இன்னும் தெரியாது, போனில் உளறாதே.

உன் டாடி,
மைக்கேல்ராஜ்