சட்டையில் பதிந்த நீலக் கை

1957 ஆடி, வெள்ளிக்கிழமை இரவு. வட்டகொடைத் தேயிலைத் தோட்டம்.

உதடு வீங்கியிருக்கிறது. எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

ஓடைக் கற்களுக்கு அடியில் என்னென்ன பூச்சிகள் வாழ்கின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இன்று எந்தக் கல்லைப் புரட்டினாலும் செத்த பூச்சிதான். நண்டுகள் மல்லாந்து கிடந்தன. ஆத்திரத்தோடு ஓடை வழியே மேலே ஏறினேன். தேயிலைக்கு மருந்தடிக்கும் மாரிமுத்து, மருந்து டின்னை ஓடையில் முக்கிக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் நீலமாக ஓடியது.

"அறிவிருக்காடா ஒனக்கு? நண்டெல்லாம் செத்துக் கெடக்கு. கீழ லயத்து வீடுகள்ல இருக்குற சனம் இதத்தானே குடிக்குது!" என்று டின்னை எட்டி உதைத்தேன். அது பாறையில் மோதி நசுங்கியது.

"டின்னு பளபளன்னு இல்லாட்டியே எங்கள மேய்க்கிற கண்டாக்கையா அரைப்பேரு போட்டு பாதிச் சம்பளத்த வெட்டுவாரு. இப்ப நசுக்கிப்புட்டீங்களே! ஒங்க நண்டா எம்புள்ளைக்குச் சோறு போடும்?"

கேட்டுக்கொண்டே அறைந்தான். நான் பூச்சி பிடிக்கும் வலைக்கம்பால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தேன். அவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை அந்த நீலத் தண்ணீரிலேயே அமுக்கினான்.

"குடிங்க! நாங்க தெனமும் குடிக்கிறதுதானே, குடிங்க!"

மூச்சு முட்டும்வரை விடவில்லை. இன்னமும் நாக்கில் செம்புக் காசைச் சப்பியதுபோல் ஒரு கசப்பு.

வெள்ளைச் சட்டையில் அவன் விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. வாளியில் ஊறவைத்துக் கசக்கினேன். சாயம் இறங்கிவிட்டது. தண்ணீரைக் கொட்டப் போனபோதுதான் பார்த்தேன், என் வீட்டுக் கழிவுநீர்க் கானும் அந்த ஓடையில்தான் போய் விழுகிறது.

வாளி இன்னும் கதவோரம் இருக்கிறது.