முப்பத்திரண்டு ஜி.பி.

மார்ச் 3, செவ்வாய்

கடல் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் பிசுபிசு.

சென்னை ஆபீஸிலிருந்து மெயில். வீட்டிலிருந்தே பில்டிங் டிராயிங் போடும் வேலை. முதலில் ஒரு டெஸ்ட்: இரண்டு மாடி வீடு, முழு 3டி. 16ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள். அதுவரை பாண்டி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் 32 ஜி.பி. ரேம் கட்டாயமாம். கிடைத்தால் பாண்டி பஸ்ஸில் தொங்க வேண்டாம். "ஏம்மா, மரக்காணம் இன்னா அமெரிக்காவுலயா இருக்குது?" என்று பஸ் லேட்டானதற்குத் தினம் கேட்கும் அந்த மேனேஜர் மூஞ்சியிலும் முழிக்க வேண்டாம். கிடைக்காவிட்டால் 17ஆம் தேதி காலை மறுபடி அதே பஸ், அதே மூஞ்சி.

என் லேப்டாப்பில் எட்டு ஜி.பி.தான். மாற்றலாம் என்றால் ரேமைப் போர்டோடு ஒட்டித் தொலைத்திருக்கிறான், புண்ணியவான். ஒவ்வொன்றாக வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டர் மாட்டுகிறேன். கேபினெட், போர்டு, ப்ராசஸர் வந்தாச்சு. ரேம் சின்ன சாமான்தானே, கடைசியில் பார்க்கலாம் என்று விட்டேன். அதற்குள் அது மட்டும் தாறுமாறாக விலை ஏறிவிட்டது. என் புத்தி.

மார்ச் 5, வியாழன்

— போர்டு டிடிஆர்5 ரகம். பழைய டிடிஆர்4 ரேம் வாங்கினால் உட்காராது. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும்.
— 32 ஒன்று வேண்டாம். 16 + 16, ஒரே டப்பாவில் வரும் ஜோடி. அப்போதுதான் வேகம்.
— லைட் எரியும் ரகம் வேண்டவே வேண்டாம்.
— துவரம்பருப்பு. இவருக்குப் பனியன் 2.

பாண்டி கம்ப்யூட்டர் கடை. என் வீட்டுக்காரரும் உப்பளத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். கேள்வி கேட்பது நான். கடைக்காரன் பதில் சொல்வது இவருக்கு.

"சார், மேடம் எதுக்கு யூஸ் பண்றாங்க? சீரியல் பாக்கவா? எட்டே போதும் சார்."

"நான் உப்பு வார்றவனுங்க. எனக்கு இன்னா தெரியும்? அவங்களயே கேளுங்க" என்றார் இவர்.

சீரியலாம்! அப்புறம் டிடிஆர்4ஐ எடுத்து நீட்டுகிறான், "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்று. வெட்டு இருக்கிற இடத்தைக் காட்டினேன். எடுத்து உள்ளே வைத்தான். அடுத்து கலர் கலராக லைட் எரியும் ஒன்று. நான் என்ன திருவிழாவா நடத்துகிறேன்? கேட்டதை வாங்குவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

மாட்டினேன். நானே.

பிளக்கைப் பிடுங்கினேன். உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்க, கேபினெட் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். ஸ்லாட் 2, ஸ்லாட் 4. ஓரத்துக் கொக்கியை விரித்து, வெட்டுக்கு வெட்டு பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் போர்டே வளைகிறது. பயம். டக். இன்னொரு டக்.

ஆன் செய்தேன். திரை கறுப்பு. மூன்று நிமிஷம் கறுப்பு. ஜன்னலில் பக்கத்து வீட்டு அக்கா: "இன்னாடி, வாங்கன வேகத்துல ஒடச்சிட்டியா?" அவள் வாயில் மண். ஐந்தாவது நிமிஷம் படம் வந்தது. புது ரேம் என்றால் முதல் தடவை அப்படித்தான் நேரமாகுமாம். டப்பாவில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

32 காட்டுகிறது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கை தட்டினார்.

மார்ச் 12, வியாழன்

வானம் மூடாக்கு. சுவரெல்லாம் ஈரம்.

செவ்வாயிலிருந்து கம்ப்யூட்டர் நீலத் திரை வந்து வந்து நிற்கிறது. நேற்று மேல்மாடி டிராயிங் முழுக்கப் போச்சு, சேவ் ஆகவில்லை. இன்று 32க்குப் பதில் 16. இரண்டில் ஒன்று செத்துவிட்டது. பழைய சரக்கைத் துடைத்து, புது டப்பாவில் போட்டுத் தலையில் கட்டிவிட்டான் அந்த சீரியல்காரன். நான்கு நாள்தான் இருக்கிறது. நாளைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன்.

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "பொறுமையா கேளு. அவன் மேல தப்பு இல்லாமகூட இருக்கலாம்" என்றார்.

"நீங்க யார் பக்கம்?"

பாதித் தட்டில் எழுந்துவிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

இரண்டு ரேமையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். "பொம்பளதானே, எத குடுத்தாலும் வாங்கிக்குவான்னு நெனச்சியா?" கடையே திரும்பிப் பார்த்தது.

அவன் ஒரு ரேமை லைட்டுக்கு நேரே பிடித்தான். "நீங்களே பாருங்க மேடம்."

ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறப் பட்டைகள் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஸ்டிக்கரில் ஒரு கட்டைவிரல் தடம். என் விரலைப் போல இரண்டு மடங்கு.

ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தன் மெஷினில் இரண்டையும் போட்டுக் காட்டினான். 32. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவனும் என்னைச் சீரியல் என்றவன்தானே.

வீட்டு வாசலுக்கு வரும்போது இவரும் உப்பளத்திலிருந்து வந்து நின்றார்.

"ரேமை எடுத்தீங்களா?"

"போன வெள்ளிக்கெழம, சாப்ட வந்தப்போ. கவர்லேந்து எடுத்துப் பாத்தேன்மா. இத்தினூண்டு இருக்குது, இதுக்கா இவ்ளோ வெலன்னு. திருப்பி அப்டியே வச்சிட்டேன்."

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கோவமா இருந்த."

"உங்க உப்புக் கையால இனிமே என் சாமான் எதையும் தொடாதீங்க!"

தெருவுக்கே கேட்டிருக்கும். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

தொடாதே என்ற சொல்லைச் சின்ன வயசில் எந்த டீக்கடையில், யார் வாயால் கேட்டார் என்று இவர் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அதை நானும் சொல்லிவிட்டேன். ஆனாலும் செய்தது தப்புதானே? நேற்றே சொல்லியிருந்தால் அந்தக் கடையில் அப்படிக் கத்தியிருப்பேனா?

மார்ச் 14, சனி

32 நிலையாக நிற்கிறது. கீழ்த்தளம் முடிந்தது. படிக்கட்டும் மேல்மாடியும் பாக்கி.

இவர் டீயை என் கையில் தரவில்லை. ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் வந்து, "அந்த ரேஷன் கார்ட கொஞ்சம் எடுத்துக் குடும்மா" என்றார். கம்ப்யூட்டர் மேசையில், அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது.

"எடுத்துக்க வேண்டியதுதானே! கை இல்ல?" என்று எரிந்து விழுந்தேன்.

நான் எடுத்துக் கொடுக்கும் வரை நின்றார்.

மார்ச் 15, ஞாயிறு

படிக்கட்டு முடிந்தது. மேல்மாடி, மொட்டைமாடி முடிந்தது. தலைவலி. இவர் இந்த அறைக்குள் வருவதே இல்லை. என் வீட்டில் நானே ஒரு மேனேஜர் ஆகிவிட்டேன். என்னையே நாலு அறை விட வேண்டும் போல் இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

சாயங்காலம் 4.30. வெயில்.

எல்லாம் தயார். சென்ட் பட்டன் மட்டும் பாக்கி.

"ஏங்க, இங்க வாங்க. இத நீங்க அமுக்குங்க."

"நானா?"

"நீங்கதான்."

வாசல் குழாய்க்குப் போனார். சோப்பு கேட்டார். விரல் வெடிப்பில் சோப்பு பட்டால் எரியும் என்று அவர் எப்போதும் வெறும் தண்ணீரில்தான் கழுவுவார். வந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். "பரவால்லயா, பாரு." நான் கையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தேன். போதாது என்று நினைத்துவிட்டார் போல, திரும்பப் போய்க் கழுவினார். துடைத்து, முகர்ந்து பார்த்து, மறுபடியும் போனார்.

4.45. "போதும், வாங்க" என்று இங்கிருந்து கத்தினேன்.

"தோ, ஆச்சும்மா" என்கிறார். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.