சிவப்புச் சீலைத் துண்டு கட்டிய கீரை

மச்சாள்,

உங்கள் விதைக் கீரையை வெட்டிப் போட்டுவிட்டார்கள். நீங்கள் கண்ணை மூடி முப்பத்தோராம் நாள் காரியம்கூட முடியவில்லை. லண்டன் சட்டனில் கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்து நாம் இருவரும் சேர்ந்து பார்த்த தோட்டத் துண்டில் பூத்து முற்றிக்கொண்டு நின்ற கீரை முழுவதையும், களை என்று சொல்லி, தோட்டக் கமிட்டி ஆள் வைத்து மெஷினால் அறுத்துக் குப்பை மேட்டில் கொட்டிவிட்டது. தெரியாமல் செய்தோம் என்கிறார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது என் கையில் இருப்பது நீங்கள் கட்டிய சிவப்புச் சீலைத் துண்டு. குப்பை மேட்டில் தண்டோடு கிடந்தது. அறுபட்ட பச்சைத் தண்டின் மணம் இன்னும் அதில் இருக்கிறது. பூங்கதிரைக் கையில் தேய்த்துப் பார்த்தேன். விதை கறுக்கவில்லை. வெள்ளையாகவே உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் வெயில் கிடைத்திருந்தால் போதும்.

ஊரில் இருந்து ஒரு பிடி விதை வந்த முதல் வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். கீரை நம் தோள்வரை வளர்ந்தது. ஆசை தீரப் பிடுங்கிச் சமைத்தோம். ஆனால் ஒரு செடியும் நேரத்துக்குப் பூக்கவில்லை. பூக்கத் தொடங்கியபோது பனி விழுந்து எல்லாம் கறுத்துப்போனது. "இது இந்த நாட்டுக்குச் சரிவராது மச்சாள்" என்றேன். நீங்கள் கறுத்த தண்டைக் கையில் உருட்டிக்கொண்டு, "இதுக்கு இஞ்சத்தை வெயில் இன்னும் விளங்கேல்லை. விளங்கப்பண்ணுவம்" என்றீர்கள்.

விளங்கப்பண்ணினீர்கள். அதுதான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியாத வேலை. ஊர் விதையில் மிச்சம் இருந்ததைப் போட்டு, அடுத்தடுத்த கோடைகளில் ஒவ்வொரு செடியையும் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள். "முதல் பூக்கிறவன் அவசரக்காரன், இலை நாராப் போயிடும். கடைசியில பூக்கிறவன் சோம்பேறி, குளிர் பிடிச்சிடும். நடுவில நிண்டு நல்லா இலை தாறவனைப் பாருங்கோ." பார்த்து, பழைய சீலையைக் கிழித்து அந்தச் செடியில் கட்டுவீர்கள். கட்டிய செடியில் யாரும் கை வைக்கக் கூடாது. பகல் நீளமாக இருந்தால் சில செடிகள் பூக்காது என்று நூலகத்துப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு நான் பெரிய கண்டுபிடிப்போடு வந்தேன். "அதைத்தானே நானும் சொன்னன்" என்று நீங்கள் களை பிடுங்கப் போய்விட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சொன்னது நீங்கள்தான்.

நல்ல செடிகளில்தான் சீலை கட்டியிருக்கும் என்பதால் என் கண் எப்போதும் அவற்றின் மேலேயே போகும். அகன்ற இலை, இளந்தண்டு, பருப்போடு போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவீர்கள்: "செடியைக் கட்டினது காணாது போல கிடக்கு. வாயையும் கட்டுங்கோ மச்சாள்."

கமிட்டிச் செயலாளரிடம் போனேன். செத்தவீட்டு அலுவலில் நான் போகாமல் விட்ட நாட்களைக் காட்டி, ஆள் பார்க்காத துண்டு, களை விதை கொட்டினால் அடுத்த துண்டுக்கும் பரவும் என்றார். களை இல்லை, கறி என்றேன். கறிக்கு என்றால் ஏன் பிடுங்காமல் இவ்வளவு உயரத்துக்கு விட்டீர்கள் என்று கேட்டார். அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. பயிர் என்றால் பிடுங்குவது மட்டும்தான் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார். விதைக்கு விட்ட செடி அவர் கண்ணுக்குக் கைவிட்ட செடி. ஒவ்வொரு வருடமும் பைக்கற்றில் விதை வாங்குகிறவருக்கு அப்படித்தான் தெரியும். அதைவிட எனக்கு நொந்தது உங்கள் மகள் சொன்னது. "விடுங்கோ மாமி, கீரை கடையில வாங்கலாம்தானே." கடைக் கீரை ஒரே கீரை. ஊரில் உங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் நாலு விதக் கீரை நின்றது. மழைக்கு ஒன்று அழுகினால் மற்றது நிற்கும், நின்ற வீட்டில் இருந்து அழுகின வீட்டுக்கு விதை போகும். இதைச் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டு "ஓம் மாமி" என்றாள்.

மிச்ச விதையை நீங்கள் வீட்டில் வைப்பதில்லை. "பெட்டியில வைச்சா எலி தின்னும். நாலு வீட்டில வைச்சா அதுகளும் தின்னுங்கள்தான், ஆனா ஒரு வீடாவது மிச்சம் வைக்கும்." வாங்கியவர்கள் அடுத்த வருடம் ஒரு பிடி திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான் உங்கள் கண்டிப்பு. அந்த வீடுகளுக்கெல்லாம் போன் எடுத்தேன். ஹவுன்ஸ்லோவில் உங்கள் தம்பி தோட்டம் முழுவதும் கல்லுப் பதித்துவிட்டார். "அக்காட கீரையா? அது காருக்குக் கீழ" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மற்ற வீடுகளில் விதைக்கவே இல்லை.

பிறகு, கோயிலில் கண்டு நீங்கள் விதை கொடுத்த வால்தம்ஸ்டோப் பிள்ளை, நம்பர் இல்லாமல் நான் போன் எடுக்காதவள், தானாகவே வந்தாள், ஜாம் போத்தலில் விதையோடு. "அன்ரியிட்டை வாங்கின கடன். ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு தெரியேல்லை" என்று அழுதாள். பளபளவென்று கறுத்த விதை. எந்தச் செடியில் எடுத்தாய் என்று கேட்டேன். "நல்லதெல்லாம் சமைச்சிட்டம். முதலே பூத்துத் தின்ன ஏலாமப் போனதை விதைக்கு விட்டன்" என்றாள். அவசரக்காரர்கள், மச்சாள். ஒரு போத்தல் முழுக்க அவசரக்காரர்கள்.

ஆனாலும் உங்கள் விதை. அதற்குள் நடுவில் நிற்கிறவன் எங்கேயோ இருப்பான். நீங்கள் பார்த்ததைப் பார்க்க இந்தக் கண் பழகியிருக்கிறது. அது போதும்.

ஆகவே, விதைக்கு விட்ட செடியும் பயிர்தான் என்று கமிட்டி தன் விதியில் எழுத வேண்டும். எழுதும்வரை செயலாளர் என்னைத் தன் வாசலில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் தம்பி இரண்டு கல்லையாவது பெயர்க்க வேண்டும். வால்தம்ஸ்டோப் பிள்ளை இனி நல்ல செடியை விதைக்கு விட்டுவிட்டு அவசரக்காரனைச் சமைக்க வேண்டும். உங்கள் மகள் வைகாசியில் ஒரு சனிக்கிழமை போனை வீட்டில் வைத்துவிட்டு விதைக்க வரவேண்டும். நான் இந்த முடிச்சை அவிழ்த்து, நடுவில் நிற்கிற செடியைப் பார்த்துச் சீலையைத் திரும்பக் கட்ட வேண்டும். பிறகு, வாயையும் கட்ட வேண்டும்.