இணைப்பு ஏழு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானும் குட்டியும் நலமா? உங்கள் நகரத்துக்காக நான் எழுதிய காலநிலைத் திட்டத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் மட்டும்தான் பாக்கி. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். உன் மாடியில் வைத்த புகை அளக்கும் கருவியை அலுவலகம் திருப்பிக் கேட்கிறது. பெட்டியில் போட்டு அனுப்பிவிடு. இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி.

உன் தம்பி

ஜூன் 9

மேதாவித் தம்பிக்கு,

நன்றியாம், நன்றி! ஒரு வருஷம், பக்கத்து டிப்போவில் பஸ்கள் கிளம்புவதற்கு முன்னால் தினமும் மாடியேறிக் கருவிக்குள் புகை படியும் தாளை மாற்றினேன். வெள்ளையாக வைத்த தாள் மறுநாள் சட்டிக்கரி மாதிரி வரும். "இந்த அளவைக் காட்டினா எல்லா பஸ்ஸுக்கும் புகை வடிகட்டி போட வெச்சிடலாம்க்கா" என்று சொன்னது யார்? உன் திட்டத்தை வரி விடாமல் படித்தேன். எங்கு பார்த்தாலும் கார்பன் டை ஆக்ஸைடு. கரிப்புகை மட்டும் மாயம். உன் மருமகள் நேற்றும் மூச்சிரைப்புக்கு மருந்தை உறிஞ்சிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள்.

உன் அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

கோபப்படாதே. இதெல்லாம் உனக்குப் புரியாது. எல்லா மாசையும் கணக்கில் சேர்த்தால் செலவு கட்டுப்படியாகாது. குழுத் தலைவரும் ஒரே வாயுவோடு முடிக்கச் சொன்னார். கரியை அடுத்த திட்டத்தில் பார்க்கலாம். அதுவரை ஜன்னலை மூடி வை. கருவியை மறக்காதே.

தம்பி

ஜூன் 21

தம்பிக்கு,

ஜன்னலை மூடச் சொல்லவா இத்தனை வருஷம் படித்தாய்?

எனக்குப் புரியாதாம்! உன் கடிதம் வந்த பிறகு, திட்டத்துக்குப் பின்னால் யாரும் புரட்டாத இணைப்புப் பக்கங்களையும் புரட்டினேன். அங்கே இணைப்பு ஏழு என்று ஒன்று இருக்கிறது. கரிப்புகையையும் மீத்தேனையும் சேர்த்தால் அதே வெப்பத்தை முக்கால்வாசிச் செலவில் குறைக்கலாம், நெஞ்சு நோயும் குறையும் என்று போட்டிருக்கிறது. போட்டவன் நீ. தெரியாமல் விட்டிருந்தால் முட்டாள் என்று மன்னித்திருப்பேன். தலைவர் முகம் சுளிப்பாரே என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். தூ!

கருவியை அனுப்பிவிட்டேன். அளந்து முடித்து நீ வேண்டாமென்று விட்ட தாள்கள் என்னிடம் இருக்கின்றன. வியாழக்கிழமை கூட்டத்தில் அவற்றையும் இணைப்பு ஏழையும் விரித்து வைக்கப்போகிறேன். குட்டியும் வருகிறாள். மேடையில் நீ இருப்பாயாமே. அங்கே என்னை அக்கா என்று கூப்பிடாதே.

டிப்போ சுவரை ஒட்டிய வீட்டுக்காரி