திட்டுக்குப் போகும் வழி

தியாகராய நகர்
6-2-1934

அன்புள்ள அத்தாவுக்கு ஹாஜிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அவரும் நலம். உங்கள் மூச்சிரைப்பு தேவலையா?

ஒரு காரியம். அவருடைய ஆபீஸ் துரைக்கு அடையாற்று முகத்துவாரத்துத் திட்டில் பூநாரை சுட ஆசையாம். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போவதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். வேலை நிரந்தரமாவது துரையின் கையில் இருக்கிறது. சேற்றில் உறுதியான தடம் உங்களுக்குத்தான் தெரியும். முன்னால் நடந்தால் போதும். எனக்காக.

உங்கள் மகள்,
ஹாஜிரா


மயிலாப்பூர்
7-2-1934

அன்பு மகள் ஹாஜிராவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். மூச்சிரைப்பு அப்படியேதான் இருக்கிறது. காரியம் இருந்தால்தான் நீ அதை விசாரிக்கிறாய்.

வரமாட்டேன். "நாலாங் கிளாசு தாண்டாதவரு, கொக்கு பாத்துக்கினு திரியறாரு" என்று உன் நிக்காஹ் பந்தலில் என் காதுபடச் சிரித்தவர் உன் புருஷன் இனாயத். எந்தப் பறவை எந்த மாதம் அங்கே இறங்கும் என்று எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. நடந்து நடந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். குப்பத்தாரோடு சண்டை போட்டுத் திட்டில் கண்ணி வைப்பதை நிறுத்தினேன். இப்போது என் மாப்பிள்ளையே துப்பாக்கிக்காரனைக் கூட்டிப்போவதா?

தடம் தெரிவதற்காக நான் நட்டிருந்த சவுக்குக் கழிகளை இன்று காலை பிடுங்கிவிட்டேன். அவரிடம் சொல்.

அத்தா,
அப்துல் கய்யூம்


தியாகராய நகர்
9-2-1934

அத்தாவுக்கு,

கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "மாமா சும்மா மெரட்றாரு. அந்தக் கழிய அவராவது புடுங்கறதாவது! ஒரு வாட்டி அவர் பின்னால போய்க்கீறேன், வழி தெரியும்" என்று சிரித்தார். நீங்கள் வரவேண்டாம். கழிகளை மட்டும் திரும்ப நட்டுவிடுங்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஹாஜிரா


தியாகராய நகர்
20-2-1934

அத்தா,

அவருடைய ஜனாஸா தொழுகையில் நீங்கள் கடைசி வரிசையில் நின்றதாகச் சொன்னார்கள்.

துரை பின்தங்கி வந்ததால் தப்பினார். இவர் தோட்டாப் பெட்டியைத் தலையில் சுமந்து முன்னால் போயிருக்கிறார். இடுப்புவரை புதைந்தபின் கடல்தண்ணீர் ஏறிவிட்டது.

கழிகள் என்னவாயின என்று போலீசார் கேட்டார்கள். அலை கொண்டுபோயிருக்கும் என்றேன். உங்களுக்காக நான் செய்த கடைசிக் காரியம் அது. இனி எழுதாதீர்கள். வந்தால் பிரிக்காமலே அடுப்பில் போடுவேன்.

ஹாஜிரா


மயிலாப்பூர்
23-2-1934

அன்பு மகள் ஹாஜிராவுக்கு,

ஏன் பொய் சொன்னாய்? நான் நட்ட கழியை எந்த அலையும் கொண்டுபோகாது. ஸ்டேஷனுக்குப் போய் நானே பிடுங்கினேன் என்றேன். ரைட்டர் எழுதிக்கொள்ளவில்லை. "கழி புடுங்கனதுக்கு இன்னா கேஸு போடறது? ஊட்டுக்குப் போ பெரியவரே" என்றான். நட்டவனுக்குப் பிடுங்கவும் உரிமை உண்டு. சொல்லியும் போனவர் அவர். இன்றும் அதையேதான் சொல்வேன்.

நேற்றுக் கழிகளைத் திரும்ப நட்டேன். "இன்னா பாய், இப்ப எதுக்கு?" என்று குப்பத்து ஆள் கேட்டான். அவர் புதைந்த இடம் வரைக்கும்தான் நட்டிருக்கிறேன். அதற்கு அப்பால் கால் எழவில்லை. பூநாரைகள் அங்கேயே மேய்கின்றன.

நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்தபின் அந்த இடத்தைப் பார்க்க உனக்குத் தோன்றலாம். தண்ணீர் வற்றியபின் இறங்கு. கழிகள் வலக்கைப் பக்கம் இருக்கட்டும்.

அத்தா,
அப்துல் கய்யூம்