கடலில் போட்ட நம்பர்

என் ராஜவேலு அண்ணனுக்கு, சண்டை போட நீ இல்லாமல் தவிக்கும் உன் கோமளா எழுதுகிறேன்.

உன் காரைப் பார்க்க ஆள் வந்தார். நீ இருந்தவரை எட்டிப் பார்க்காதவர்களுக்கெல்லாம் இப்போதுதான் வழி தெரிந்திருக்கிறது. புதுச்சேரி போகிற சாலையில் ஒரு பணக்காரர் பழைய பந்தயக் கார்களுக்காக மியூசியம் கட்டுகிறார். சோழவரம் பந்தயத்தில் நீ ஜெயித்த ஒற்றை சீட் கார், சிதம்பரத்தில் உன் மகன் செந்தில் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது அசல்தானா, என்ன விலை பெறும் என்று பார்த்துச் சொல்ல ஒரு நிபுணரை அனுப்பினார். செந்தில் போன் செய்ததும் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிவிட்டேன்.

விலை எதுவானாலும் அது உன் மகனுக்கு. எனக்கு வேண்டியிருந்தது வேறு. காருக்குப் பக்கத்தில், ஓட்டியவர் பெயரோடு ஒரு பலகை வைப்பார்களாம். இந்த ஊர் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டது என்று உனக்கே தெரியும். கார் பைத்தியம். சாவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், என் காதில் விழுந்தது. அந்தப் பலகையில் உன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

வந்தவர் பொறுமையான மனிதர். ஓர் ஓரத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டினார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நீ அடித்துவைத்த நீலம், பச்சை எல்லாம் போய் அடியில் சிவப்பு தெரிந்தது. "சரியா இருக்கு" என்றார். தகடுகளில் அடித்திருந்த ஆணிகளைப் பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதுவும் சரி. நான் மனசுக்குள் பலகையை மாட்டியே விட்டேன். பிறகு டார்ச்சை அடித்துக் காரின் அடிச்சட்டத்தில் நம்பரைத் தேடினார். முகம் மாறிவிட்டது.

"இந்த எடத்துல அறுத்து வேற துண்டு வச்சிருக்காங்க. நம்பரும் கையால அடிச்சது. பந்தயப் பதிவுல இருக்கறது இந்த நம்பர் இல்லையே. பழைய துண்டு எங்கம்மா?"

"கடல்ல இருக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

உனக்கு மறந்திருக்காது. கார் கவிழ்ந்து, காலில் மாவுக்கட்டோடு உன்னைக் கொண்டுவந்து போட்டார்கள். எந்த ஜோசியனோ கார் நம்பரைக் கூட்டிப் பார்த்து எட்டு, சனி என்று சொல்லிவிட்டான். அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். "அந்த நம்பரு ஒன்ன முழுங்காம வுடாதுடா. அத அறுத்து எடு. எடுத்தாதான் நான் சோத்துல கை வெப்பேன்." படி என்றாள், கேட்டாயா? கார் வேண்டாம் என்றாள், கேட்டாயா? வாழ்க்கையில் அவள் பேச்சில் இந்த ஒன்றைத்தான் கேட்டாய். அம்மா அந்த இரும்புத் துண்டை மஞ்சள் துணியில் முடிந்து, உன் தலையைச் சுற்றி, தேவனாம்பட்டினத்தில் கடலில் வீசினாள். நீ வேறு துண்டு வைத்துப் பற்றவைத்து, கூட்டினால் ஒன்பது வருகிற மாதிரி ஒரு நம்பரை நீயே அடித்தாய். "இப்ப சந்தோஷமா?" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாய். எதற்கெடுத்தாலும் சிரிப்பு உனக்கு.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "நான் நம்புறேம்மா. ஆனா நான் போற எடத்துலல்லாம் வண்டிக்கு ஒரு கதை இருக்கு. கதைய நம்பி கையெழுத்துப் போட முடியாது" என்றார். செந்தில் விடவில்லை. "பழைய நம்பரயே இப்ப அடிச்சுட்டா?" என்றான். "அது மோசடி தம்பி" என்றார்.

கேட்டாயா அண்ணா? உன் காருக்கு அதனுடைய நம்பரையே அடித்தால் அது மோசடியாம். அசல் என்று உறுதி செய்ய முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நான் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். மியூசியம் திறந்துவிட்டார்கள். போன வாரம் நானும் செந்திலும் போனோம். நடுவில் ஒரு சிவப்புக் கார், அச்சு அசலாக உன் கார். கயிற்றைத் தாண்டிக் குனிந்து சட்டத்தைப் பார்த்தேன். அம்மா கடலில் போட்ட அதே நம்பர். நம் கார் ஒருநாள்கூட நம் கையை விட்டுப் போனதில்லை, அப்படியானால் இது எது? பழைய பதிவைப் பார்த்து எவனோ புதிதாகக் கட்டி, நம்பர் அடித்து, காகிதங்களும் தயார் செய்து விற்றிருக்கிறான். நம்பர் பொருந்துகிறது, காகிதம் பொருந்துகிறது என்று அதே நிபுணர்தான் கையெழுத்துப் போட்டாராம்.

பக்கத்தில் பலகை இருந்தது. ஓட்டியவர், கடலூர் ராஜவேலு.

முதலில் எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. யாரோ புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் காரோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். செந்தில் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"வுடு அத்தே. அப்பா பேரு இருக்குல்ல, அது போதும். நாம வாயத் தொறந்தா அவுங்க கார எடுக்க மாட்டாங்க, பேரத்தான் எடுப்பாங்க."

அவன் சொல்வது சரிதான். அதனால்தான் ஜாஸ்தி எரிகிறது. நீ காலை ஒடித்துக்கொண்டது அந்தப் பளபளப்பிலா? சாகிறவரை ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தாயே, அது யாருடைய காருக்காக? நீ இருந்தால் இதற்கும் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிக்க வரவில்லை அண்ணா. உன்மேலும் கோபம், அம்மாமேலும் கோபம். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவள் போட்டோவை இரண்டு நாளாக நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் அங்கே போகிறேன். செந்திலிடம் சொல்லவில்லை. அந்தக் கார் அசலா போலியா என்று அவர்களோடு வாதாடப் போவதில்லை, அதற்கு என்னிடம் காகிதம் கிடையாது. இந்தக் காரில் என் அண்ணன் உட்கார்ந்ததே இல்லை, அவன் பெயரை எடுங்கள் என்று மட்டும் கேட்பேன். எடுக்கிறவரை அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். உன் பெயரை அழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், இது உன்மேல் சத்தியம்.

உன் பெயரை அங்கே பார்க்க ஆசைப்பட்ட உன் தங்கை,
கோமளா
திருப்பாதிரிப்புலியூர்